பிரிட்டனை ஏன் அழைக்கவில்லை?

2016ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் காலை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில், என் எதிரே அமர்ந்திருந்த முதியவரிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: “பூச்சியம் முதல் பத்து வரையிலான அளவில், இன்று உங்கள் வலி எத்தனை?” அவர் அதற்கு விடை கூறவில்லை. தலையிலிருந்த ஆரஞ்சு நிறத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “டாக்டர், பிரிட்டனை ஏன் அழைக்கவில்லை? அதை மட்டும் யாராவது எனக்கு விளக்கட்டும்” என்றார்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் பிரிட்டன் மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வாக்களித்திருந்தார்கள். அதைப் பற்றித்தான் பெரியவர் பேசுகிறார் என்று எண்ணி, ஏதோ பொதுவாகச் சொல்லத் தொடங்கினேன். அருகிலிருந்த அவருடைய மனைவி சிரித்துவிட்டார். பேச்சு நாட்டைப் பற்றியது அன்று. ஸாக் பிரிட்டன் என்னும் பேஸ்பால் வீரரைப் பற்றியது. முந்தைய இரவு அந்நகரின் ஓரியோல்ஸ் அணி தோற்றுப் போட்டியிலிருந்தே வெளியேறியிருந்தது. நகரில் பாதிப் பேர் உறங்கியிருக்கவில்லை என்பதை அன்று பணிக்கு வந்த செவிலியர்களின் முகங்களே கூறின.

புற்றுநோயாளிகளின் வலி நிவாரணத்தில் நான் அப்போது மேற்பயிற்சி பெற்றுவந்தேன். நம் ஊரில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்குப் பேஸ்பாலின் நுணுக்கங்கள் அவ்வளவாகத் தெரியாது. துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற அந்தப் பெரியவர்தான், எலும்புகளில் பரவிவிட்ட நோயுடன் நாற்காலியில் சாய்ந்தும் நிமிர்ந்தும் அமர்ந்தவாறு, எனக்கு அன்று பாடம் எடுத்தார். அன்று அவர் கூறியதும், பின்னர் நான் தேடிப் படித்ததும் சேர்ந்ததே இக்கட்டுரை.

பேஸ்பாலில் பந்தெறியும் வீரரைப் பிட்சர் என்பார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் களைத்த பிறகு, அவருக்குப் பதிலாக வருவோர் மைதானத்தின் ஓரத்தில் ஓர் அடைப்புக்குள் காத்திருப்பார்கள். அந்த இடத்துக்குப் புல்பென் என்று பெயர்; காளைகளை அடைக்கும் தொழுவம் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். யாரை எப்போது அங்கிருந்து அழைப்பது என்பதை அணியின் மேலாளர் முடிவு செய்கிறார். கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளரை நிறுத்திவிட்டு, சில ஓவர்கள் கழித்து மீண்டும் அழைக்கலாம். பேஸ்பாலில் ஆட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர் அன்று மீண்டும் வர இயலாது. ஒவ்வொருவரையும் ஒரே ஒருமுறைதான் செலவிட முடியும். மேலாளர்களை ரசிகர்கள் திட்டித் தீர்ப்பதற்கான காரணங்களில் பெரும்பகுதி இந்த ஒரு விதியிலிருந்தே பிறக்கிறது.

பிரிட்டன் அணியின் ‘குளோசர்’, அதாவது ஆட்டத்தை முடித்துவைப்பவர். 2016ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் 67 இன்னிங்ஸ் எறிந்தார். அவருடைய கணக்கில் எழுதப்பட்ட ஓட்டங்கள் நான்கே. வெற்றியைக் காத்துத் தரும்படி அவரிடம் 47 முறை பந்து கொடுக்கப்பட்டது. 47 முறையும் காத்துத் தந்தார். ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில், ஆட்டத்துக்கு ஓர் இன்னிங்ஸ் அளவே எறியும் ஒருவர் நான்காம் இடம் பெற்றது எளிய செய்தியன்று.

அக்டோபர் 4ஆம் நாள் இரவு டொராண்டோவில் நடந்தது ஒற்றை ஆட்டம். வென்றவர் அடுத்த சுற்றுக்குச் செல்வர். தோற்றவருக்கு அத்துடன் ஆண்டு முடிந்தது. ஓரியோல்ஸ் அணியும் டொராண்டோவின் ப்ளூ ஜேஸ் அணியும் 162 ஆட்டங்களில் சரியாக 89 வெற்றிகள் பெற்றுச் சமநிலையில் வந்திருந்தன. ஆட்டமும் அவ்வாறே சென்றது. ஐந்தாம் இன்னிங்ஸில் எண்ணிக்கை 2-2 ஆயிற்று. ஒன்பதாவது முடிந்தும் அதே நிலை.

இனி நடப்பதைப் புரிந்துகொள்ள ஒரு விதியை மனத்தில் இருத்த வேண்டும். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் உள்ளூர் அணி இரண்டாவதாகவே மட்டை பிடிக்கும். ஆகவே ஆட்டம் சமநிலையில் இருக்க, ஒன்பதாவது இன்னிங்ஸிலிருந்து உள்ளூர் அணி ஓர் ஓட்டம் எடுத்தாலும் அக்கணமே எல்லாம் முடிந்துவிடும். விருந்தினராக வந்த அணிக்குத் திரும்பி எழ வாய்ப்பே கிடையாது. ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஓரியோல்ஸ் அணி ஒவ்வொரு முறையும் கத்தியின் மேல் நடந்தது. மேலாளர் பக் ஷோவால்டர் ஒருவர் பின் ஒருவராகப் புல்பென்னிலிருந்து ஆட்களை அழைத்தார். பிரிட்டன் உடலில் குறையேதும் இன்றி அங்கேயே காத்திருந்தார்.

பதினொன்றாம் இன்னிங்ஸில் ஒருவர் ஆட்டமிழந்த பின் மேலாளர் அழைத்தது உபால்டோ ஹிமெனெஸ் என்பவரை. அடுத்தடுத்து இருவர் பந்தை அடித்துத் தளங்களை அடைந்தனர். பின்னர் வந்தவர் அந்த ஆண்டு 42 ஹோம் ரன்கள் அடித்திருந்த எட்வின் என்கார்னாசியோன். முதற்பந்திலேயே மூன்று ஓட்டங்களுக்கான ஹோம் ரன். 5-2. அரங்கமே அதிர்ந்துகொண்டிருக்க, அணியின் மிகச் சிறந்த பிட்சர் ஒரு பந்துகூட எறியாமல் தம் ஆண்டை முடித்துக்கொண்டார்.

“அவர் எதற்காகக் காத்திருந்தார் தெரியுமா, டாக்டர்?” என்று பெரியவர் கேட்டார். “நாங்கள் முன்னிலை பெறுவதற்காக. முன்னிலை வந்தால் அதைக் காக்கப் பிரிட்டன் வேண்டுமாம். அந்த முன்னிலை வரவேயில்லை. வராத ஒன்றைக் காக்க ஆளை உட்கார வைத்திருந்தார்.”

மேலாளரின் பக்கத்தையும் கூற வேண்டும். கூறாவிட்டால் அது நேர்மையன்று. ஷோவால்டர் சாதாரண மனிதர் அல்லர். அதற்கு முன்பே மூன்று முறை ஆண்டின் சிறந்த மேலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். வெளியூரில் ஆடும் அணி சமநிலையில் தன் குளோசரைச் செலவழித்துவிட்டால், பின்னர் முன்னிலை கிடைக்கும்போது அதைக் காக்க எவர் இருப்பார் என்னும் கேள்வியைப் பல மேலாளர்களும் பல்லாண்டுகளாகக் கேட்டுவந்திருக்கிறார்கள். ஹிமெனெஸும், பருவம் முழுவதும் தடுமாறினாலும், கடைசி வாரங்களில் நன்றாகவே எறிந்திருந்தார்.

இந்தப் பழக்கத்தின் வேர் ஒரு கணக்கேட்டில் இருப்பது எனக்கு வியப்பளித்தது. ‘சேவ்’ என்றொரு புள்ளிவிவரம் உண்டு. ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்னும் சிகாகோ விளையாட்டுச் செய்தியாளர் அதற்கு வடிவம் கொடுத்தார். 1969இல் அது அதிகாரபூர்வமான கணக்காயிற்று. பெரும்பாலும், மூன்று ஓட்டங்களுக்கு மிகாத முன்னிலையுடன் இறுதி இன்னிங்ஸில் வந்து, வெற்றியைக் காத்து முடிப்பவருக்கு அது எழுதப்படும். சமநிலையில் வந்து எவ்வளவு அற்புதமாக எறிந்தாலும் ‘சேவ்’ கிடையாது. நடந்ததை எழுதிவைக்கத் தோன்றிய ஒரு கட்டம், காலப்போக்கில் எது நடக்க வேண்டும் என்பதையே முடிவு செய்யத் தொடங்கிவிட்டது. (மருத்துவமனைகளிலும் இத்தகைய கட்டங்கள் உண்டு. அவற்றைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இதழில் இடம் போதாது.)

பெரியவர் பேசி முடிப்பதற்குள் நான் ஒன்றைக் கவனித்துவிட்டிருந்தேன். பேச்சின் நடுவே மூன்று முறை நிறுத்தி, நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். மருந்து விவரங்களைப் புரட்டினேன். மார்ஃபின் நான்கு மணிக்கு ஒருமுறை என்று எழுதப்பட்டிருந்தது. “ஒழுங்காக எடுத்துக்கொள்கிறீர்களா?” என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கைப்பையிலிருந்து மாத்திரைக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு மாதத்துக்கு முன் கொடுத்தது. முக்கால் பங்கு அப்படியே இருந்தது. இரவில் தாங்க முடியாதபோது மட்டும் ஒன்று எடுப்பாராம். ஏன் என்று கேட்டபோது அவர் கூறிய விடை இதுதான்: “இதைவிடப் பெரிய வலி வரும் என்று எனக்குத் தெரியும். இப்போதே இதைச் செலவழித்துவிட்டால், அப்போது எனக்கு என்ன மிஞ்சும்?”

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் அவர் மனைவி, கணவரின் மடியில் இருந்த தொப்பியை எடுத்துத் தம் தலையில் வைத்துக்கொண்டு, “ஒரு மாதமாக நீங்களும் பிரிட்டனை உட்கார வைத்திருக்கிறீர்கள்” என்றார்.

எட்டாண்டுக் கல்வி எனக்குக் கொடுக்காத ஒரு விளக்கத்தை அந்த அம்மையார் ஒரு வாக்கியத்தில் கூறிவிட்டார். நான் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது ஒன்றுதான். பேஸ்பால் விதி மார்ஃபினுக்குப் பொருந்தாது. ஒருமுறை செலவழித்தால் தீர்ந்துபோகும் வீரன் அன்று அது. வலி கூடினால் மருத்துவர் அளவைக் கூட்டலாம். சாதாரண வலி மாத்திரைகளுக்கு இருப்பதுபோல் இதற்கு மேல் பயனில்லை என்னும் உச்சவரம்பு மார்ஃபினுக்குக் கிடையாது. பக்க விளைவுகளைக் கவனித்துப் படிப்படியாக உயர்த்துவதே முறை. இன்று எடுத்துக்கொள்வதால் நாளை அது கைவிட்டுவிடாது.

நம் ஊருக்குத் திரும்பிய பின், அதே சொற்களைத் தமிழில் கேட்கிறேன். “இருக்கட்டும் டாக்டர், கடைசிக்கு வைத்துக்கொள்வோம்.” மகன் சொல்வார், மருமகள் சொல்வார், பல நேரங்களில் நோயாளியே சொல்வார். இதில் சிக்கனமும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது, மார்ஃபின் என்றாலே சாவின் முன்னறிவிப்பு என்னும் நம்பிக்கையும் இருக்கிறது. அடிமையாகிவிடுவார் என்ற கவலையும் உண்டு. மருத்துவர் கண்காணிப்பில், புற்றுநோய் வலிக்காக அளவோடு எடுக்கும்போது அவ்வாறு நிகழ்வது அரிது. உடல் மருந்துக்குப் பழகுவது வேறு, மனம் அதற்கு ஏங்கித் திரிவது வேறு. பழகிய உடலிலிருந்து மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது; அவ்வளவே. முதல் சில நாட்களில் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம், பெரும்பாலும் தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தானாகத் தணியாது. ஆகவே அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்கிறோம். அதை “வேண்டாத மாத்திரை” என்று ஒதுக்கிவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அளவும் இடைவெளியும் மாறும். அடுத்த வீட்டாரின் அளவை உங்கள் வீட்டில் பின்பற்ற வேண்டாம்.

மேலும் ஒன்று. வலி வந்த பிறகு அதை விரட்டுவதைவிட, வராமல் அணைகட்டுவது எளிது. நேரம் தவறாமல் எடுங்கள் என்று நாங்கள் வலியுறுத்துவது அதனால்தான். இந்தியாவில் மார்ஃபின் கிடைப்பதே அரிதாக இருந்த காலம் உண்டு; 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் பல மருந்தகங்கள் அதை வைத்திருக்கவே அஞ்சின. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவத் தேவைக்கான வழி எளிதாக்கப்பட்டது. அத்தனை பேர் போராடிக் கதவைத் திறந்த பிறகு, குப்பி நம் வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கும் அந்தப் பால்டிமோர்ப் பெரியவரின் கோபம் வந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் உடனே பயன்படுத்திவிட வேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளற்க. காத்துவைக்க வேண்டியவையும் உண்டு. கிருமிகளை எதிர்க்கும் மருந்துகளில் சிலவற்றை உலக சுகாதார நிறுவனம் ‘இருப்பு’ என்றே வகைப்படுத்தியிருக்கிறது. வேறு எதற்கும் அடங்காத கிருமிகளுக்காக அவற்றை ஒதுக்கி வைக்கிறோம். கண்டபடி கொடுத்தால் கிருமிகள் பழகிவிடும், பின்னர் எவருக்கும் அவை பயன்படா. சளிக் காய்ச்சலுக்குப் பெரிய ஊசி போடுங்கள் என்று வற்புறுத்துவோரும், எலும்பு வலிக்கு மார்ஃபின் வேண்டாம் என்று மறுப்போரும் சில வேளைகளில் ஒரே குடும்பத்தினராகவே இருக்கிறார்கள்.

பாலியேட்டிவ் கேர் எனப்படும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையையும் இப்படித்தான் கடைசி இன்னிங்ஸுக்கு ஒத்திவைக்கிறோம். இதில் குற்றம் குடும்பத்தாருடையது மட்டுமன்று; மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை” என்ற பிறகே அந்தப் பிரிவுக்கு அனுப்புகிறோம். 2010இல் பாஸ்டன் நகரில் நடந்த ஓர் ஆய்வு வெளியாயிற்று. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் ஒரு பகுதியினருக்கு, நோய் கண்டறியப்பட்ட தொடக்கத்திலேயே வழக்கமான சிகிச்சையுடன் ஆதரவுச் சிகிச்சையும் சேர்த்து அளிக்கப்பட்டது. அவர்களுடைய வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது. சராசரியாகச் சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். அதைப் படித்த பிறகும் எத்தனை நோயாளிகளை நான் தாமதமாக அனுப்பியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. எண்ணிக்கை எனக்குப் பிடிப்பதில்லை.

பேஸ்பால் ரசிகர்களின் புலம்பலைத் தொடர்ந்து படித்ததில் வேறொன்றும் புரிந்தது. 2003 அக்டோபர் 16 அன்று, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் மேலாளர் கிரேடி லிட்டில், களைத்துப்போன பெட்ரோ மார்ட்டினஸை எட்டாம் இன்னிங்ஸில் மாற்றாமல் விட்டார். 5-2 என்றிருந்த முன்னிலை கரைந்து, நியூயார்க் யாங்கீஸ் அணி வென்றது. லிட்டிலுக்கு அந்தப் பதவி நீட்டிக்கப்படவில்லை. 2020 அக்டோபர் 27 அன்று, டாம்பா பே அணியின் மேலாளர் கெவின் கேஷ், 73 பந்துகள் மட்டுமே எறிந்து எதிரணியைத் திணறடித்துக்கொண்டிருந்த பிளேக் ஸ்னெல்லை ஆறாம் இன்னிங்ஸில் வெளியேற்றினார். அடுத்த சில நிமிடங்களில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் முன்னிலை பெற்று, உலகத் தொடரையே வென்றது. ஒருவர் மாற்றாததற்காகத் திட்டு வாங்கினார், மற்றவர் மாற்றியதற்காக. முடிவு தெரிந்த பிறகு தீர்ப்பெழுதுவது எளிது.

ஆயினும் எல்லாத் திட்டும் ஒன்றன்று. ஒரே மட்டையாளர்களை மூன்றாம் முறை சந்திக்கும்போது எந்தப் பிட்சரும் பலம் இழக்கிறார் என்பது பல ஆண்டுகளின் கணக்கு. கேஷ் அதன்படி நடந்தார். நானாக இருந்தால் ஸ்னெல்லை விட்டிருப்பேன், ஆனால் அவருடைய காரணம் காரணமே அன்று என்று கூற மாட்டேன். பிரிட்டன் விஷயம் வேறு. என்கார்னாசியோன் அடித்த பந்து பிடிபட்டிருந்தாலும் அந்த முடிவு தவறாகவே இருந்திருக்கும். ஏனெனில் ஆபத்து உச்சத்தில் இருந்தது அப்போதே. அது பந்து எறியப்படுவதற்கு முன்பே தெரிந்திருந்தது. மருத்துவமனைகளில் இழப்புகளை ஆய்வு செய்யும் கூட்டங்களில் நாங்கள் கேட்க முயலும் கேள்வியும் இதுவே: என்ன நடந்தது என்பதைவிட, அந்த நேரத்தில் நம் கையில் என்ன தகவல் இருந்தது? உறவினர் ஒருவர் “அன்றே ஏன் செய்யவில்லை?” என்று கேட்கும்போது, இந்தக் கேள்விக்கான விடையைப் பெற அவருக்கு உரிமை உண்டு. கேட்கத் தயங்காதீர்கள்.

அந்தப் பெரியவர் அன்றிலிருந்து மருந்தை நேரப்படி எடுக்கத் தொடங்கினார். மறுநாள், அக்டோபர் 6 அன்று, கிளீவ்லண்ட் அணியின் மேலாளர் டெரி ஃப்ரான்கோனா, தம் சிறந்த மாற்றுப் பிட்சரான ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாம் இன்னிங்ஸிலேயே அழைத்தார். அந்த அணி உலகத் தொடர் வரை சென்றது. அடுத்த முறை வந்தபோது பெரியவருக்கு அதைப் பற்றிப் பேசுவதற்கே நேரம் போதவில்லை. வலி எத்தனை என்று கேட்டேன். “மூன்று. ஷோவால்டர் ஒன்பது” என்றார்.

2017 ஏப்ரல் 3, புதிய பருவத்தின் முதல் நாள். பால்டிமோரில் அதே டொராண்டோ அணியுடன் ஆட்டம். மீண்டும் பதினொன்றாம் இன்னிங்ஸ். இம்முறை மார்க் ட்ரம்போவின் ஹோம் ரன்னால் ஓரியோல்ஸ் 3-2 என வென்றது. மறுநாள் அவருடைய மனைவி எங்கள் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் மருந்து கொடுத்துவிட்டதாகவும், அவர் கடைசிப் பந்து வரை நாற்காலியிலேயே அமர்ந்து பார்த்ததாகவும் கூறினார். பின்னணியில் பெரியவரின் குரல் கேட்டது. இந்த வெற்றியால் சென்ற அக்டோபர் சரியாகிவிடாது என்பதை டாக்டரிடம் சொல் என்றார்.